ஏழு வாட் இருக்கிற ஊர்

ஒன்பது ஊர்கள், பதினான்கு கேள்விகள். எக்செல் கோப்பை நான்தான் தயாரித்திருந்தேன். வீட்டு வாடகை, பள்ளியின் தரம், குற்ற விகிதம், மருத்துவமனை எவ்வளவு தூரம், பனி எத்தனை மாதம் என்று ஒவ்வொரு ஊருக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எடை. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று கடைசியில் ஒரு எண் வந்து நிற்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்தியானா மாநிலத்தில் ஒரு சிறுநகரம். ஞாயிற்றுக்கிழமை மதியம், போங் வீட்டுச் சமையலறை மேசை. போங் என்றால் கெமர் மொழியில் மூத்தவர். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே சொல். நாங்கள் இருவரும் வேலை பார்த்த கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் மெஷின் பராமரிப்பு, நான் டேட்டா. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரை போங் என்று கூப்பிட, அவர் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னைத் தம்பி என்பார். தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அவர் நிதானமாக, "மெஷின் ரிப்பேர் தெரிஞ்சவனுக்கு எந்த ஊர்லயும் வேலை உண்டு. எந்த ஊருன்னுதான் கேள்வி. இதுதான் கடைசியா மாறுறது. சரியா மாறணும்" என்றார். அதற்குத்தான் இந்த அட்டவணை.

அம்மா, மனைவி, பதினேழு வயது மகள், பத்து வயது மகன். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யேய் (பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள், நானும் அப்படித்தான்) பேசாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். போங் ஒவ்வொரு ஊராகப் படித்து கெமரில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் யேய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். போங் மொழிபெயர்த்தார்:

"அந்த ஊர்ல எத்தனை வாட் இருக்குன்னு கேக்கறாங்க."

வாட் என்றால் பௌத்த ஆலயம். அங்கோர் வாட்டில் வருகிற அதே வாட். நான் உற்சாகமாக, "மூணு ஊர்ல வாட் இருக்கு யேய். லாங் பீச்சுல ஒண்ணுக்கு மேலயே இருக்கு" என்றேன்.

"ஏழு இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். ஏழு கோயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று தோன்றியது. மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

*

கெமர் மக்களுக்கு ப்சும் பென் என்று ஒரு நோன்புக்காலம் உண்டு. பதினைந்து நாள். செப்டம்பர், அக்டோபரில் வரும் தேய்பிறைப் பட்சம். போங் இதை விளக்கும்போது பாதியிலேயே எனக்குப் புரிய ஆரம்பித்தது. நாம் மகாளய பட்சம் என்று சொல்கிற அதே நாட்கள்தான், பெரும்பாலான ஆண்டுகளில். "பென்" என்பது நம் பிண்டம். "ப்சும்" என்றால் ஒன்றுகூடுதல். இறந்துபோய் இன்னும் கரையேறாத ஆவிகளை அவர்கள் ப்ரெத் என்கிறார்கள். நாம் பிரேதம் என்று சொல்லும் சொல்தான். ஒரே வடமொழி வேரிலிருந்து இரண்டு பக்கமும் போன சொற்கள்.

அந்தப் பதினைந்து நாளும் நரகத்தின் கதவு திறக்கும். பசித்த ஆவிகள் வெளியே வரும். வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. அதனால் விடிவதற்கு முன், இருட்டில், வாட்டைச் சுற்றி வந்து எள் கலந்த சோற்று உருண்டைகளைத் தரையில் வீசுவார்கள். ஆவிகள் தங்கள் வீட்டார் வந்திருக்கிறார்களா என்று வாட் வாட்டாகத் தேடும். ஏழு வாட்டில் தேடியும் யாரும் இல்லையென்றால் பசியோடு திரும்பும்; சபித்துவிட்டுப் போகும் என்பது நம்பிக்கை. ஆகவே உயிரோடிருப்பவர்கள் ஏழு வாட்டுக்குப் போய்வர முயல்வார்கள்.

யேயின் கணவரை 1977இல் பட்டம்பாங் மாகாணத்தில் ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. மூத்த குழந்தைகள் இரண்டும் அதே வருடம் பசியிலும் காய்ச்சலிலும் போயின. கைக்குழந்தையாக இருந்த போங் மட்டும் மிஞ்சினார். உடல் இல்லை, எரிக்கவில்லை, பிக்கு வந்து ஓதவில்லை. ஓத பிக்குகளும் அப்போது இல்லை. கெமர் ரூஜ் ஆட்சி அவர்களின் காவியைக் களைந்து வயலுக்கு அனுப்பியிருந்தது. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை சுமார் பதினேழு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் மூன்று பேர் யேயுடையவர்கள்.

நான் சிரித்த கேள்வியின் பொருள் இதுதான். நாங்கள் வாழ ஊர் தேடிக்கொண்டிருந்தோம். அவர், தேடி வருகிறவர்கள் தன்னைக் கண்டுபிடிக்கக்கூடிய ஊரைக் கேட்டார். இந்தியானாவிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் காரில் சிகாகோ வாட்டுக்குப் போவார்கள். நாற்பது வருடமாக ஒரே ஒரு வாட். மீதி ஆறு எப்போதும் கடன்.

*

யேய் ஒருபோதும் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்ததில்லை. இதை நான் அன்றைக்கு இரவுதான் யோசித்தேன்.

பிறந்து வளர்ந்தது நோம் பென். 1975 ஏப்ரல் 17 அன்று கறுப்பு உடை அணிந்த படைவீரர்கள் வீடு வீடாக வந்து, அமெரிக்கர்கள் குண்டு போடப்போகிறார்கள், மூன்று நாள் வெளியே போய்விட்டு வாருங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். ஒரு முழு நகரத்தையும் காலி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைக்கூடக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று நாள் முடியவேயில்லை. நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களுக்குக் கிராமங்களில் "ஏப்ரல் 17 ஆட்கள்" என்று பெயர். ரேஷனில் கடைசி, சந்தேகத்தில் முதல். பிறகு தாய்லாந்து எல்லையில் காவ் இ தாங் முகாம். பிறகு 1983இல் இந்தியானாவில் ஒரு தேவாலயத்தார் பொறுப்பேற்றுக் கூப்பிட்டார்கள். விமானநிலையத்தில் கம்பளிக் கோட்டோடு காத்திருந்தார்கள். யேய் இன்றைக்கும் அவர்களை நன்றியோடுதான் நினைக்கிறார்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஒன்று கொலை, இன்னொன்று கருணை. ஆனால் கொலைகாரர்களும் கேட்கவில்லை, கருணையாளர்களும் கேட்கவில்லை: "நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க?" இப்போது மூன்றாவதாக நான், எக்செல் கோப்போடு. நானும் அவர் நல்லதுக்காகத்தான் செய்தேன்.

கேட்காமல் விட்டது ஏதோ தற்செயல் அல்ல, கொள்கையாகவே இருந்தது. 1975க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் சுமார் ஒன்றரை லட்சம் கம்போடியர்களை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ஒரே ஊரில் குவிந்தால் அந்த ஊருக்குச் சுமை, சீக்கிரம் அமெரிக்கராகவும் மாட்டார்கள் என்று அகதிகளைப் பரவலாகப் பிரித்து வைத்தார்கள். 1980இல் கெமர்களுக்கென்றே ஒரு குடியமர்த்தல் திட்டம் வந்தது. சிகாகோ, டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா என்று பன்னிரண்டு நகரங்களைத் தேர்ந்து, சின்னச் சின்னக் கொத்துகளாக வைத்தால் துணையும் இருக்கும், சுமையும் ஆகாது என்பது யோசனை. ஏற்கெனவே கெமர்கள் சேர்ந்துவிட்ட லாங் பீச் அந்தப் பட்டியலில் இல்லை.

மோசமான யோசனை இல்லை. எடை போட்டுச் செய்ததுதான். என் அட்டவணையின் தாத்தா என்றுகூடச் சொல்லலாம்.

மக்கள் என்ன செய்தார்கள்? பலர் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும் கம்போடிய மாணவர்கள் சிலர் லாங் பீச்சின் அரசுக் கல்லூரியில் படிக்க வந்திருந்தார்கள். அந்தச் சின்ன வட்டத்தைத் தேடி முதல் அகதிகள் போனார்கள், அவர்களைத் தேடி அடுத்தவர்கள். 2007இல் அங்கே அனாஹைம் தெருவின் ஒரு பகுதிக்கு நகரசபையே கம்போடியா டவுன் என்று பெயர் வைத்தது. கிழக்கே, மாசசூசெட்ஸில், நூற்பாலைகள் மூடிப்போன பழைய நெசவு நகரம் லோவெல். வாடகை மலிவு, தொழிற்சாலை வேலைக்கு அதிக ஆங்கிலம் வேண்டாம், பக்கத்தில் ஒரு வாட். அது போதுமாக இருந்தது. அரசாங்கம் போட்ட புள்ளிகளை மக்கள் தாங்களே கோடிழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்து வாழ்ந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். 1989 ஜனவரி 17, கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஓர் ஆரம்பப்பள்ளி மைதானத்தில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். இறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் கம்போடிய அகதிகளின் பிள்ளைகள். லாங் பீச் கெமர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் 62 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சியின் பின்விளைவு நோய், 51 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு. இதைச் சொன்னதும் போங் கேட்டார்: "அவங்க எல்லாம் ஒரே இடத்துல இருந்ததால எண்ண முடிஞ்சுது. எங்கம்மா மாதிரி தனியா இருந்தவங்கள யாரு போய் எண்ணினா?"

ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்கள் சிலர் கும்பல்களில் சேர்ந்தார்கள், சிறைக்குப் போனார்கள். 1996இல் குடியேற்றச் சட்டம் கடுமையானது. 2002இல் கம்போடியா அவர்களைத் திரும்ப ஏற்க ஒப்பந்தம் போட்டது. தாய்லாந்து முகாமில் பிறந்து, கம்போடியாவைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள், குடியுரிமை வாங்காமல் விட்டதால், கம்போடியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். ஒரு ஏழு வயதுப் பிள்ளையை எந்தத் தெருவில் இறக்கிவிடுகிறோம் என்பது இருபது வருடம் கழித்து அவன் எந்த நாட்டில் இருப்பான் என்பதுவரை போகும். ஊர் தேர்வு என்பதை நான் அதுவரை வசதிப் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன்.

*

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. நானே என்னைக் கேட்டுக்கொண்டது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஊர் மாற வேண்டுமா? பத்து வயதுப் பையனின் பள்ளி முக்கியமா, 1977இல் இறந்தவர்களின் பசியா? எனக்கு ஆவிகளில் நம்பிக்கை கிடையாது. நான் நம்பாத ஒன்றுக்கு என் அட்டவணையில் எத்தனை எடை தருவது?

கோப்பைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கு 25 கொடுத்திருந்தேன். எதற்காக? பையன் 2033இல் நல்ல கல்லூரிக்குப் போவான் என்பதற்காக. அந்த 2033 எங்கே இருக்கிறது? அந்தக் கல்லூரி மாணவனை யார் பார்த்தது? அவனும் இப்போது இல்லாதவன்தான். இனி வரப்போகிறவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 25 தருகிறேன். ஏற்கெனவே வாழ்ந்து, பெயர் இருந்து, இன்ன சாப்பாடு பிடிக்கும் என்று அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிற குழந்தைகளுக்கு 0. "பண்பாடு" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன், எடை 5. உணவகம், கடை, கோயில் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. என் கையிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

எதிர்காலத்தை மதிப்பது அறிவு, இறந்தவர்களை மதிப்பது மூடநம்பிக்கை என்று எனக்குள் எப்போதோ யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவர்கள்மேல் நமக்கிருக்கும் கடமை. எது பெரிது என்று வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை அட்டவணைக்குள்ளேயே விடாமல் வெளியே நிறுத்திவிட்டு, கணக்கு சரியாக வந்தது என்று சொல்வது நேர்மையில்லை.

*

சரி, அப்படியென்றால் லாங் பீச்தானே? போங்கும் அப்படித்தான் நினைத்தார். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஏப்ரலில் கெமர் புத்தாண்டுக்கு அழைத்துப்போனார். நம் சித்திரை ஒன்றை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. வில்லோ தெருவில் இருக்கிற பெரிய வாட்டில் கூட்டம். நாற்பது வருடத்தில் முதல்முறையாக யேய் கடைக்காரரிடம் கெமரில் பேரம் பேசினார் என்று போங் போனில் சிரித்தார்.

இரண்டாம் நாள் ஒரு மளிகைக்கடையில் யேய் சட்டென்று மகனின் கையைப் பிடித்தார். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்று முழுவதும் பேசவில்லை. இந்தியானா திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்: அடுத்த வரிசையில் பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் குரல். 1977இல் அவர்கள் ஊரில் பெயர்களை வாசித்த குரல் போலிருந்தது. அவன்தானா என்று தெரியாது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது. யாரோ பாவம், தன்னைப்போலவே தப்பி வந்த கிழவராகவும் இருக்கலாம்.

"நம்ம ஆளுங்க இருக்கிற ஊர்" என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கெமர்களைக் கொன்றவர்களும் பெரும்பாலும் கெமர்கள்தான். எல்லையைத் தாண்டி ஓடிவந்த கூட்டத்தில் கொன்றவர்களும் கலந்து வந்தார்கள் என்பது அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் உரக்கப் பேசாத விஷயம். அதே மொழி, அதே மீன் கருவாட்டு வாசம், அதே தாலாட்டு. அந்நியர்கள் நடுவே யேய்க்கு ஏக்கம் இருந்தது, பயம் இல்லை. தன் மக்கள் நடுவே ஏக்கம் போய்விட்டது, பயம் வந்துவிட்டது.

அப்படியானால் வாட் வேண்டாமா என்று போங் கேட்டிருக்கிறார். யேய் சொன்ன பதிலை அவர் எனக்கு இரண்டுமுறை மொழிபெயர்த்துச் சொன்னார், தப்பாகிவிடக்கூடாது என்று:

"அவனுக்கும் செத்தவங்க இருப்பாங்கல்ல. அவனும் சோத்து உருண்டையோட அங்கதான் வருவான். இருட்டுல வீசுறோம். யாரு மூஞ்சியும் தெரியாது."

இதை மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மன்னிக்காமலும் ஒரே முற்றத்தைச் சுற்றி நடக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதாக எனக்குப் புரிகிறது. ஊர் என்பதே ஒருவேளை அதுதானோ என்னவோ.

*

மற்றவர்களுக்கும் கேள்விகள் இருந்தன. அதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் இது யேய் கதையாக மட்டும் ஆகிவிடும்.

போங்கின் மனைவி இருபது வருடம் முன்பு பட்டம்பாங்கிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவருக்கு டெக்சஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே ரோஷேரன் பிடித்திருந்தது. அங்கே கெமர் குடும்பங்கள் பசுமைக்குடில் போட்டு த்ரகூன் வளர்க்கிறார்கள். நம் வள்ளைக்கீரை, மலேசியத் தமிழர்களின் கங்கோங். அமெரிக்க அரசின் பட்டியலில் அந்தக் கீரை ஒரு தீய களை. வளர்க்க உரிமம் வேண்டும், வெளியே பரவவிடக்கூடாது. "நம்மள மாதிரியே" என்று அவர் சிரித்தார். ஆனால் அங்கே எந்த வேலைக்கும் கார் ஓட்டவேண்டும். அவருக்கு ஓட்டப் பயம்.

மூத்த மகளுக்கு வேறு கணக்கு. அவள் கெமர் சரியாகப் பேசமாட்டாள், வாட்டில் அரைமணி உட்கார்ந்தால் கால் மரத்துவிடும் என்பாள். ஊரைவிட்டுத் தூரமாக, யாருக்கும் தெரியாத பெரிய நகரத்தைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் லோவெல் என்றாள். "இங்க நான்தான் ஒரே கம்போடியப் பொண்ணு. ஸ்கூல்ல போல் பாட் பாடம் வந்தா டீச்சர் என்னப் பாப்பாங்க. அங்க போனா என் கிளாஸ்லயே பத்து பேர் இருப்பாங்க. எனக்கு இது பிடிக்கலைன்னுகூட அங்க சொல்லலாம். இங்க அதச் சொல்லமுடியாது." தன் மக்கள் நடுவே இருப்பதால் கிடைக்கிற ஒரு சுதந்திரம், அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தாமல் இருக்கிற சுதந்திரம். பதினேழு வயதில் அவள் கண்டுகொண்டதை என் எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

லோவெல் என் அட்டவணையில் ஐந்தாவதாக இருந்தது. பனி அதிகம், வாடகையும் இப்போது மலிவில்லை. ஆனால் 2000 முதல் அங்கே சமூக மருத்துவ மையத்தில் தென்கிழக்கு ஆசியர்களுக்கென்று மெத்தா என்ற பிரிவு உண்டு. யேய் தன் மூட்டுவலியைத் தன் மொழியிலேயே சொல்லலாம். 2017இல் கெமர், லத்தீன் குடியிருப்பாளர்கள் சிலர் நகரசபைத் தேர்தல் முறையையே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2019இல் சமரசம் ஆகி, 2021இல் வட்டவாரியாகத் தேர்தல் நடந்தது. 2022 ஜனவரியில் சொக்ஹாரி சாவ் மேயரானார், அமெரிக்காவில் மேயரான முதல் கம்போடியர். அவருடைய தந்தையையும் கெமர் ரூஜ் கொன்றிருந்தது. சிதறடிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி, பிறகு எண்ணிக்கையில் வந்து, பிறகு வாக்கில் வந்த ஊர்.

கடைசியில் போங் அம்மாவிடம் நேராகவே கேட்டார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற ஊருக்குப் போறோம்." ஐம்பது வருடமாகக் கேட்கப்படாத கேள்வி ஒருவழியாகக் கேட்கப்படுகிறது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. யேய் கைவிரித்துவிட்டார். "எனக்கு ஊர் தேர்ந்தெடுக்கத் தெரியாது. பழக்கமில்ல. பிள்ளைங்க வாழற ஊரா பாருங்க. ஏழு மட்டும் மறந்துடாதீங்க."

அவர் அதிகாரம் கேட்கவில்லை. தன் கேள்வி மற்றக் கேள்விகளோடு மேசையில் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். ஒருவருக்காக நாம் முடிவெடுக்கவே கூடாது என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. குழந்தைகளுக்காக, முதியவர்களுக்காக, சில சமயம் எடுத்துத்தான் ஆகவேண்டும். எடை போடுவதற்கு முன் அவர்களின் கேள்வியை அவர்களின் வாயாலேயே கேட்டோமா என்பதுதான் மிஞ்சுகிறது. கேட்டபிறகு அது தோற்கலாம். கேட்கப்பட்டுத் தோற்பது வேறு, இல்லாததாக ஆக்கப்படுவது வேறு.

*

ஆகஸ்டில் லோவெல்லுக்குப் போனார்கள். போங்குக்குச் சம்பளம் கொஞ்சம் குறைவு, இரவு ஷிப்ட். பையனுக்கு இன்னும் நண்பர்கள் அமையவில்லை. நல்ல ஊரைத் தேர்ந்தோமா என்று அவருக்கே நிச்சயமில்லை. லோவெல்லையும் சுற்றுவட்டாரத்தையும் ரோட் ஐலண்டையும் சேர்த்தால் ஏழு வாட் தேறுகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

ப்சும் பென் சமயத்தில் ஒரு ஞாயிறு காலை அழைத்தார். பின்னால் மழைச்சத்தம்.

"எத்தனை ஆச்சு போங்?"

"அஞ்சு. அடுத்த வாரம் ரெண்டு." யாரோ பக்கத்திலிருந்து ஏதோ சொல்வது கேட்டது. "தம்பி, அம்மா கேக்கறாங்க. உங்களுக்கும் இதே நாளுதானாமே. உன் ஆளுங்களுக்கு நீ சோறு வச்சியான்னு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. வேலை இருக்கும் இடம் என்று நான் வந்து சேர்ந்திருக்கிற இந்த ஊரில் அவர் என்னை எங்கே வந்து தேடுவார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"இனிமேதான் யேய்" என்றேன்.